திண்டிவனத்தில் இறக்கிய சுமை

“விழுப்புரம் போய் வாருங்கள். நல்ல கட்டுரையாக ஒன்று வேண்டும்” என்றார் ஆசிரியர்.

“விழுப்புரத்தில் என்ன ஸார் இருக்கிறது?” என்று கேட்டேன்.

“அதைக் கண்டுபிடிக்கத்தானே உங்களை அனுப்புகிறேன்? போகிற வழியில் திண்டிவனத்திலும் இறங்கிப் பாருங்கள்.”

ஆசிரியர் சொன்னால் தலையை ஆட்டுவது பத்திரிகைக் காரியாலயத்து வழக்கம். ஆனால் அன்றைக்கு என்னால் தலையைக்கூட ஆட்ட முடியவில்லை. வலப்பக்கம் திரும்பினால் ஒரு சுளுக்கு, இடப்பக்கம் திரும்பினால் இன்னொரு சுளுக்கு. ஆகவே வாயால் மட்டும் “சரி” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இந்தக் கழுத்து வலி எனக்கு ஆறு மாதத்துச் சிநேகிதி. அது வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் வைத்தியர்களுக்குக் குறைவில்லை. மாமியார் நல்லெண்ணெய் தேய்க்கச் சொன்னார். அம்மா நொச்சி இலையால் ஒத்தடம் கொடுத்தாள். பக்கத்து வீட்டு மாமி தலையணையை விட்டுவிடு என்றார். என் வீட்டுக்காரர் செல்போனை விட்டுவிடு என்றார். டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, “எலும்பில் ஒரு கோளாறும் இல்லை. எல்லாம் பழக்கம்தான். நிமிர்ந்து உட்காருங்கள்” என்றார். நானும் பட்டாளத்துச் சிப்பாய் மாதிரி ஒரு வாரம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதன் பலனாகக் கழுத்து வலிக்குத் துணையாக இடுப்பு வலியும் வந்து சேர்ந்தது.

வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு நாள் மாலை என் நாலு வயதுப் பெண் தன் பொம்மையிடம் பேசிக்கொண்டிருந்தாள். “தூக்கு தூக்குன்னு அழக் கூடாது. அம்மாவுக்குக் கழுத்து வலிக்கிறது, தெரியுமில்லே?” என்று பொம்மைக்குப் புத்தி சொன்னாள். நான் அடுப்பங்கரையில் நின்று கேட்டேன். அவள் என்னிடம் “தூக்கு” என்று கேட்டு வெகு நாள் ஆகிவிட்டது என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இந்த மனநிலையோடுதான் எழும்பூரில் ரயில் ஏறினேன்.

புளியங்காட்டு ஊர்

செங்கல்பட்டில் கொளவாய் ஏரி ஜன்னலோரமாகக் கூடவே வருகிறது. பிறகு பாலாற்றுப் பாலம். அதற்கு அப்பால் வயல்கள். நாற்று நடுகிற பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். ‘ஐயோ, இவர்கள் முதுகு என்ன ஆகும்!’ என்று நான் நினைத்தபோது, தூக்கிப் பிடித்திருந்த என் தோள் இன்னும் ஓர் அங்குலம் மேலே போயிற்று.

திண்டிவனம் என்றவுடன் திண்டியை நினைத்துக்கொண்டு இறங்குகிறவர்கள் ஏமாறத்தான் வேண்டும். அந்தத் திண்டிக்கும் நம் தின்பண்டத்துக்கும் சம்பந்தமில்லை. வடமொழியில் ‘திந்திரிணி’ என்றால் புளிய மரம். புளியங்காடாக இருந்த ஊர் திந்திரிணி வனமாகித் திண்டிவனமாயிற்று என்பார்கள். ஊருக்கு நடுவே திந்திரிணீஸ்வரர் கோயில் இன்றும் அந்தப் பெயரைக் காப்பாற்றி வருகிறது.

புளிக்கு அடுத்தபடி திண்டிவனத்துக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கடலை. இங்கே எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்ற கடலை ரகங்களைக் குடியானவர்கள் நன்றாக அறிவார்கள். அந்த டி.எம்.வி. வேறொன்றுமில்லை, திண்டிவனம்தான்! சென்னையில் நாம் வேர்க்கடலை என்பதை இந்தப் பக்கத்தார் மல்லாட்டை என்கிறார்கள். மணிலாக்கொட்டை என்பது வாயில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது.

அவித்த மல்லாட்டை விற்கிற ஓர் ஆயாவைப் பஸ் நிலையத்துக்கு வெளியே சந்தித்தேன். எழுபது வயது இருக்கும். பழைய புடவைத் துண்டை முறுக்கி, வட்டமாகச் சுற்றி, தலைமேல் சும்மாடாக வைத்துக்கொண்டாள்.

“கொஞ்சம் கை குடு கண்ணு, கூடையைத் தூக்கி வுடு” என்றாள்.

நான் குனிந்து கூடையைப் பிடித்தேன். பல்லைக் கடித்தேன், மூச்சைப் பிடித்தேன், தோளை உயர்த்தினேன். கழுத்தில் பளிச்சென்று ஒரு மின்னல். கூடை தரையை விட்டு இன்னும் கிளம்பவே இல்லை.

ஆயா சிரித்தாள். “இன்னாம்மா, கூடையைத் தூக்கறியா, கூடையோட சண்டை போடறியா?”

“கழுத்து வலி ஆயா.”

“வலிக்காம இன்னா பண்ணும்? தோளைக் காதாண்ட கொண்டுபோய் வச்சிருக்கியே! வுட்டா கீழே வுழுந்துடுமா?”

எதிரே ஒரு துணிக்கடையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. திரும்பிப் பார்த்தேன். அதில் ஒரு பெண்மணி முகவாயை முன்னே நீட்டிக்கொண்டு, தோள்கள் இரண்டையும் காதுத் தோடாக மாட்டிக்கொண்டு, யாரோ அடிக்க வருவதுபோல் நின்றாள். புடவையை வைத்துத்தான் அது நான் என்று கண்டுகொண்டேன்.

வேறொரு கடைக்காரர் உதவிக்கு வர, கூடை ஆயாவின் தலைக்குப் போயிற்று. கழுத்து நீண்டது, முகம் அப்படியே இருந்தது. இரண்டடி நடந்தவள் நின்று, உடம்போடு திரும்பி, “பாரம் தலைமேல இருந்தா போதாதா கண்ணு? மூஞ்சியில வேற எதுக்கு?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தலைச்சுமைக்காரர்களின் நடையை விஞ்ஞானிகளும் ஆராய்ந்திருக்கிறார்கள். கென்யா நாட்டுப் பெண்களைப் பற்றி 1986-ல் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. தங்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சுமந்து நடந்தபோதும், வெறுமனே நடப்பதைவிட அவர்களுக்கு அதிக சக்தி செலவாகவில்லை! 1995-ல் அதே பத்திரிகையில் காரணமும் வெளிவந்தது. கடிகாரத்து ஊசலைப் போல ஒவ்வோர் அடியின் வேகத்தையும் அடுத்த அடிக்கு வீணாக்காமல் கொடுக்கிறார்களாம். வேண்டிய தசை மட்டும் வேலை செய்கிறது. மற்றவை சும்மா இருக்கின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிடக் கூடாது. ஆயாவையே கேட்டேன், மாலையில் கூடை காலியான பிறகு. “முட்டி ரெண்டும் போயிடுச்சி கண்ணு. சொமை சொமைதான். அது ஆரை வுட்டுச்சு?” என்றாள். வறுமை ஏற்றிய சுமையை அழகு என்று வர்ணிப்பது சுமக்காதவர்களின் வேலை. ஆனால் சுமையோடு சண்டை போடாமல் இருக்கிற அந்த வித்தை மட்டும் அவளுடையது. அதை எங்கே கற்பது?

மூன்று கண்ணாடிகள்

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் ஓமந்தூர் வருகிறது. 1947-லிருந்து 1949 வரை சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாக இருந்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் ஊர். அதைத் தாண்டி, கிளியனூர் தாண்டி, வானூர் வட்டத்துக் கிராமம் ஒன்றுக்குப் போனேன். உடம்பின் பழக்கங்களைத் திருத்திச் சொல்லிக் கொடுக்கிற ஓர் அம்மாள் அங்கே இருக்கிறார் என்று சிநேகிதி ஒருத்தி எழுதியிருந்தாள்.

கிளைச் சாலையில் ஒரு புளிய மரத்தடியில் சுமைதாங்கிக் கல் ஒன்று நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே குறுக்காக ஒரு கல். வழிநடப்பவர்கள் யார் துணையும் இல்லாமல் தலைச்சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிப் போவதற்காக நம் முன்னோர் செய்த ஏற்பாடு. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக இதை நட்டுவைப்பது வழக்கம். இறக்க முடியாமல் போன ஒருத்தியின் பாரத்துக்காக, ஊரார் பாரமெல்லாம் இறங்க ஓர் இடம்! சற்று நேரம் அங்கே நின்றுவிட்டுத்தான் போனேன்.

அந்த வட்டாரத்துக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1968 பிப்ரவரி 28-ல் தொடங்கப்பட்ட ஆரோவில் நகரின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கே 1992-ல் பள்ளிக் குழந்தைகளுக்காக ‘அவேர்னஸ் த்ரூ தி பாடி’ என்ற பயிற்சியை ஆரம்பித்தார்கள். உடம்பைக் கவனிக்கக் கற்பதுதான் அதன் பாடம். மூச்சு எப்படிப் போகிறது, பாதம் எப்படி ஊன்றுகிறது, உடம்பில் எங்கே இறுக்கம் என்றெல்லாம் குழந்தைகள் விளையாட்டாகவே தெரிந்துகொள்கிறார்கள். நமக்குப் பள்ளியில் கணக்கும் பூகோளமும் சொல்லிக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்காரச் சொல்லிக் கொடுத்தவர் யார்? “நேரா உட்காரு!” என்ற அதட்டல் ஒன்றுதானே கிடைத்தது?

அந்த அம்மாள் நெடுநாள் வெளிநாட்டில் இருந்து இந்த வித்தையைப் பயின்றவர். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். “முதலில் ஒரு கதை சொல்கிறேன், கேளுங்கள்” என்று ஆரம்பித்தார்.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்று ஒரு தீவு. அங்கே 1869-ல் பிறந்தவர் எஃப்.எம். அலெக்ஸாண்டர். மேடையில் நாடகப் பகுதிகளையும் கவிதைகளையும் பேசிக் காட்டுவது அவர் தொழில். திடீரென்று அவருக்குக் குரல் கம்ம ஆரம்பித்தது. டாக்டர்கள் ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். ஓய்வு கொடுத்தால் குரல் வந்தது. மேடை ஏறினால் மறுபடியும் போயிற்று. ‘அப்படியானால் மேடையில் நான் செய்கிற ஏதோ ஒன்றுதான் குற்றவாளி’ என்று அவர் தீர்மானித்தார். அது என்னவென்று டாக்டர்களுக்குத் தெரியவில்லை. கண்ணாடிகளைச் சுற்றி வைத்துக்கொண்டு, தாமே தம்மைத் துப்பறிய ஆரம்பித்தார்.

பேச வாய் திறந்ததும் தலை பின்னுக்கு இழுபட்டது. குரல்வளை அழுந்தியது. வாயால் ‘ஹா’ என்று மூச்சை உறிஞ்சினார். சரி, தலையை இழுக்காமல் பேசுவோம் என்று முயன்றார். இழுக்கவில்லை என்றே அவருக்குத் தோன்றியது. கண்ணாடியோ, ‘இழுக்கிறாய்’ என்றது! நெடுநாள் பழக்கம் நம் உணர்ச்சியையே ஏமாற்றிவிடும் என்பது அவர் கண்ட பெரிய உண்மை. கோணலாக நிற்பவளுக்குக் கோணல்தான் நேராகத் தோன்றும்; நேராக நிறுத்தினால் கோணலாகத் தோன்றும்.

பின் என்னதான் செய்வது? ‘பேசு’ என்று மனம் கட்டளையிட்டதும் பேசிவிடாமல், ஒரு கணம் நின்று, பழைய இழுப்பை வேண்டாமென்று விடப் பழகினார். வருஷக்கணக்கான பழக்கம். குரல் திரும்பிவிட்டது. 1904-ல் லண்டனுக்குப் போய், 1955-ல் இறக்கும்வரை இதைப் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தார். நாடக ஆசிரியர் பெர்னாட் ஷா, நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி எல்லாரும் அவருடைய மாணாக்கர்கள். 1973-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு பெற்ற டின்பர்கன், தமது பரிசுரையில் இந்த அலெக்ஸாண்டரைப் பற்றியும் பேசினார்.

“கதை போதும். எழுந்திருங்கள்” என்றார் அம்மாள்.

அவர் விரல்கள் என் பிடரியில் லேசாகப் பட்டிருந்தன. நான் எழுந்திருக்க எண்ணினேன். அவ்வளவுதான்!

“பார்த்தீர்களா? நீங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை. அதற்குள் உங்கள் கழுத்து எழுந்து நின்றாயிற்று.”

உண்மைதான். எழுந்திருக்கத் தொடை வேலை செய்தால் போதும். அதற்கு எதற்கு முகவாய்? எதற்குப் புருவம்? கல்யாண வீட்டில் கூப்பிடாமல் வந்து அதிகாரம் செய்கிற உறவினர்கள் போல, என் உடம்பில் சம்பந்தமில்லாத தசையெல்லாம் எல்லா வேலைக்கும் ஆஜராகிக்கொண்டிருந்தது.

“இப்போது ‘எழுந்திருங்கள்’ என்பேன். நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். பதறாமல் சும்மா கேட்டுக்கொள்ளுங்கள், போதும்.”

என் வீட்டுக்காரருக்கு இந்தப் பயிற்சி அவசியமில்லை. நான் ‘எழுந்திருங்கள்’ என்றால் எழுந்திராமல் இருப்பதில் அவர் ஏற்கெனவே தேர்ச்சி பெற்றவர். எனக்கோ அது மிகக் கஷ்டமாக இருந்தது. ‘குக்கர் கூவுகிறது, ஓடு; மணி அடிக்கிறது, ஓடு; குழந்தை அழுகிறது, ஓடு’ என்று பழகிய உடம்பு அல்லவா? பத்து முறை கழித்து, பதினோராவது முறை பிடரி பதறவில்லை. அம்மாளின் கை மெல்ல வழிகாட்ட, நான் எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. யாரோ என் தோளிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு போனதுபோல் இருந்தது.

“தோளை எப்படி இறக்கினீர்கள்?” என்று கேட்டேன்.

“நான் இறக்கவில்லை. நீங்கள் தூக்குவதை நிறுத்தினீர்கள்” என்றார்.

மலையிலிருந்து கழித்த கோயில்

மறுநாள் விழுப்புரம். ‘விழு’ என்று பெயரிலேயே பயமுறுத்தினாலும் அங்கே விழுபவர்களைவிட ஏறி இறங்குபவர்களே அதிகம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து திசைக்கும் ரயில் பிரிகிற சந்திப்பு அது. 1993-ல் தென்னாற்காட்டைப் பிரித்தபோது மாவட்டத் தலைநகரமும் ஆயிற்று.

ஊருக்கு வடக்கே, செஞ்சி போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பாறை. அதில் சில தூண்கள், உள்ளே மூன்று வெற்று அறைகள். 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த கோயில். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் மும்மூர்த்திகளுக்குச் செய்த ஆலயம் என்று கல்வெட்டில் பெருமையோடு சொல்லியிருக்கிறான்.

தூண் ஓரத்தில் சாய்ந்து நின்று அதையே யோசித்தேன். மற்றக் கோயில்களெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்த்துக் கட்டியவை. இந்தக் கோயிலில் சேர்த்தது எதுவுமில்லை, எல்லாம் கழித்ததே. வேண்டாத கல்லை எடுத்தான், மிச்சம் கோயிலாயிற்று. நானோ ஆறு மாதமாக என் கழுத்தின்மேல் தைலத்தைச் சேர்த்தேன், ஒத்தடத்தைச் சேர்த்தேன், கடைசியில் ‘நிமிர்ந்து உட்கார்’ என்கிற சிப்பாயையும் சேர்த்தேன். கழிக்க வேண்டியதைக் கழிக்கத் தோன்றவில்லை.

கோயில் முகப்பில் துவாரபாலகர் ஒருவர், பெரிய கதையின்மேல் உடம்பைச் சாய்த்து நிற்கிறார். ஆயிரத்து நானூறு வருஷமாக டியூட்டி. முகத்தில் அலுப்பில்லை!

அங்கிருந்து பனைமலை தூரமில்லை. சிறு குன்றின்மேல் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். பக்கத்துச் சிற்றாலயத்துச் சுவரில், 8-ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று மங்கலாக எஞ்சியிருக்கிறது. சிவனுடைய நடனத்தைப் பார்த்துக்கொண்டு பார்வதி நிற்கிறாள். மேலே குடை. ஒரு கால் முழங்காலில் மடங்கியிருக்கிறது. தலை சற்றே சாய்ந்திருக்கிறது. ஆடுகிற சிவன் பெரும்பாலும் அழிந்துபோய்விட்டார். பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மை மட்டும் இருக்கிறாள்.

அவள் நேராக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ‘அட்டென்ஷன்’ என்று யாராவது கத்தினால் அந்த அழகு போய்விடும். உடம்பு மூன்று இடத்தில் வளைந்திருக்கிறது; ஓர் இடத்திலும் இறுகவில்லை. அப்படியானால் நிமிர்ந்து நிற்பதா, வளைந்து நிற்பதா என்பதல்ல கேள்வி. நிற்பதற்கு வேண்டிய அளவுக்குமேல் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கிறோமா என்பதே கேள்வி. டாக்டர் சொன்ன ‘நிமிர்ந்து உட்கார்’ எனக்கு ஏன் பலிக்கவில்லை என்பது அந்தச் சுவரோரம்தான் புரிந்தது.

சந்திப்பில் சில பாடங்கள்

திரும்பும் ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. விழுப்புரம் சந்திப்பில் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன். செல்போனை நோக்கித் தொங்கும் தலைகள், பெட்டியை இழுத்துக் கோணிய தோள்கள், குழந்தையை ஒரே இடுப்பில் வைத்துத் துருத்திய முதுகுகள். நம் வீடுகளில் தினமும் நடப்பதுதான். அம்மாள் சொன்னவற்றில் எல்லாருக்கும் உதவக்கூடிய சிலவற்றை அங்கேயே குறித்துக்கொண்டேன்.

நம் தலை சுமார் ஐந்து கிலோ எடை. அதாவது ஓர் ஐந்து கிலோ அரிசிப் பை. அது முதுகெலும்பின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் இடம், நாம் நினைப்பதைவிட மேலே, இரு காதுகளுக்கும் நடுவில் இருக்கிறது. புத்தகமோ போனோ பார்க்கும்போது அந்த இடத்திலிருந்து லேசாகத் தலையசைத்தால் போதும். கழுத்தையே வேரோடு முன்னால் தள்ள வேண்டாம்.

புடவை கட்டுகிற இடம் வேறு, உடம்பு மடிய வேண்டிய இடம் வேறு. கீழே கிடப்பதை எடுக்கும்போது நாம் புடவை கட்டும் இடத்தில் முதுகை வளைக்கிறோம். மடிய வேண்டியது அதற்குக் கீழே, தொடை சேருகிற மூட்டில். கூடவே முழங்காலும் மடங்க வேண்டும். சிறு குழந்தை தரையில் உள்ள பந்தை எடுப்பதைப் பாருங்கள். அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டார்.

காய் நறுக்கும்போதும், துணி தைக்கும்போதும், கணினியில் தட்டும்போதும், “இந்த வேலைக்கு என் பல் தேவையா? தோள் தேவையா?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். தேவையில்லை என்றால் அவற்றை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மணி அடித்தால் உடனே பாயாமல் ஒரு மூச்சு விட்டுவிட்டு எழுந்திருங்கள். அந்த ஒரு மூச்சுக்குள் உலகம் முழுகிப்போகாது.

கடைசியாக, வீட்டுக்குள் ஒரு சுமைதாங்கி. பகலில் பத்துப் பதினைந்து நிமிஷம் பாயில் மல்லாந்து படுங்கள். தலைக்கடியில் இரண்டு மூன்று புத்தகம், முழங்கால் மடங்கி மேலே நோக்கியிருக்கட்டும், பாதம் தரையில் ஊன்றியிருக்கட்டும், கை வயிற்றின்மேல். தூங்க வேண்டாம், எதையும் தளர்த்தப் பிரயத்தனமும் பண்ண வேண்டாம். தரை தாங்கட்டும், அவ்வளவுதான். (எங்கள் பத்திரிகையின் பழைய இதழ்களும் தலைக்கு வைக்கத் தோதானவை.)

“நம் யோகாசனத்தில் இல்லாததா?” என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இருக்கிறது. சவாசனத்தைவிட அழகாக இதை யார் சொன்னார்கள்? ஆனால் காலையில் அரை மணி ஆசனம் போட்டுவிட்டு, மிச்ச நேரமெல்லாம் தோளைத் தூக்கிக்கொண்டு திரிந்தால் ஆசனம் என்ன செய்யும்? இது அந்த மிச்ச நேரத்துக்கான பாடம்.

பலன் உண்டா என்றும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நாட்பட்ட முதுகு வலிக்காரர் 579 பேரை வைத்துச் செய்த பரிசோதனை 2008-ல் பிரிட்டிஷ் மெடிகல் ஜர்னலில் வந்தது. ஒரு வருஷத்துக்குப் பின், வழக்கமான வைத்தியம் மட்டும் பெற்றவர்களுக்கு நாலு வாரத்தில் 21 நாள் வலி. அலெக்ஸாண்டர் முறையில் 24 பாடம் கேட்டவர்களுக்கு 3 நாள். கழுத்து வலிக்காரர்களிடமும் 2015-ல் நல்ல பலன் தெரிந்தது. இந்தியாவில் இதை முறையாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே. ஒன்றை மறக்க வேண்டாம். கை மரத்துப்போனாலோ, பலம் குறைந்தாலோ, விழுந்து அடிபட்டு வலித்தாலோ, ஜுரத்தோடு வலித்தாலோ, முதலில் டாக்டரிடம் போங்கள். நானும் எக்ஸ்ரே பார்த்த பிறகுதான் விழுப்புரம் போனேன்.

வீடு வந்து சேர்ந்தபோது இரவு எட்டு மணி. என் பெண் வாசற்படியில் நின்றாள். ஓடி வந்தவள் இரண்டடி தள்ளியே நின்றுவிட்டாள். என் கழுத்தைப் பார்த்தாள்.

வழக்கமாக நான் முதுகை வளைத்து, பல்லைக் கடித்து, கன்னத்தை மட்டும் கிள்ளிவிட்டு நிமிர்வேன். இன்றும் உடம்பு அதற்குத் தயாராயிற்று, தோள் கிளம்பியது. ‘வேண்டாம்’ என்றேன். ஒரு மூச்சு. பையைக் கீழே வைத்தேன். முழங்காலை மடித்து அவள் உயரத்துக்கு உட்கார்ந்தேன்.

“வலிக்கிறதா, அம்மா?” என்றாள்.

வலி போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு நாளில் போகிற வலியா அது? ஆனால் சண்டை நின்றிருந்தது.

“கொஞ்சம்தான். வா” என்றேன்.

அவள் வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பதினாலு கிலோ இருப்பாள். பாரத்தை மூஞ்சியில் வைக்காமல் மெல்ல எழுந்திருந்தேன். திண்டிவனத்து ஆயா பார்த்திருந்தால், “இப்போ தேவலாம் கண்ணு” என்றிருப்பாள்.

மறுநாள் ஆசிரியர், “விழுப்புரத்தில் என்ன இருந்தது?” என்று கேட்டார்.

“இருந்ததைவிட, ஸார், அங்கே விட்டுவிட்டு வந்ததுதான் அதிகம்” என்றேன். தலையையும் ஆட்டினேன்.